பெறாமகளுக்குக் கழிப்பு கழிக்க வேண்டுமாம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

குளக்கட்டான் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஊர்ப் பேர் வேண்டாம், ஏற்கெனவே அரைவாசிப் பேருக்கு விஷயம் தெரியும். அண்ணையின் மகளுக்கு 19 வயது. ஆடைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளை, ஒரு மாதத்துக்கு முன் இரவு வேலை முடிந்து வந்தவள் அப்படியே படுத்துவிட்டாள். நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை. விளக்கு வைக்கிற நேரமானால் குரல் மாறுகிறது. ஆம்பிளைக் குரலில் "தண்ணி தா, என்னை ஏன் விட்டிட்டு வந்தனீங்கள்" என்று கேட்கிறாள். 2009 கடைசி யுத்தத்தில் மாத்தளனில் நாங்கள் விட்டுவிட்டு வந்த சின்னண்ணைதான் கதைக்கிறான் என்று அப்பாச்சி காலடியில் விழுந்து அழுகிறா. அப்போது இந்தப் பிள்ளைக்கு மூன்று வயது. சின்னண்ணையின் உடல் எடுக்கவில்லை, கிரியையும் செய்யவில்லை.

பூசாரி ஒருவர் வந்து பார்த்தார். குளக்கட்டுப் பாலைமரத்தடியில் முனி பிடித்திருக்கிறதாம், சின்னண்ணையின் ஆவியும் அதோடு சேர்ந்து வந்திருக்கிறதாம். மூன்று இரவு மடை வைத்துக் கழிக்க 65,000 ரூபாய், கறுப்புச் சேவல் தனி. சேவலை அப்பாச்சி வாங்கியே விட்டா. அண்ணியின் ஆட்கள் சபைக்குப் போகிறவர்கள், அவர்கள் பாஸ்டரைக் கூட்டி வந்து மூன்று நாள் உபவாசம் என்கிறார்கள். இரண்டு பகுதிக்கும் சண்டை, பிள்ளை நடுவில் கிடக்கிறாள். நான் இதை எல்லாம் முழுதாக நம்புகிறவனும் இல்லை, முழுதாகத் தள்ளுகிறவனும் இல்லை. முறிகண்டிப் பிள்ளையாரடியில் இறங்கிக் கும்பிடாமல் ஏ9இல் ஒரு நாளும் போனதில்லை. என்ன செய்யலாம்?

கண்டாவளைக் காற்று எழுதியது:

முதலில் ஆஸ்பத்திரி. மிச்சத்தைப் பிறகு கதைப்போம்.

வெள்ளைத்தொப்பி எழுதியது:

தம்பி, நான் 1998இல் இருந்து நேர்ஸ். சில கேள்விகள் கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். குரல் மாறுவதற்கு முன் காய்ச்சல், தலையிடி இருந்ததா? கை கால் இழுத்ததா? நாக்கைக் கடித்தாளா? உடுப்போடு சலம் போனதா? முகம், வாய் சும்மா இருக்கும்போதும் கோணிக்கொண்டு அசைகிறதா?

ஏன் கேட்கிறேன் என்றால், மூளையில் வரும் ஒரு அழற்சி இருக்கிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளையைப் பிடித்துத் தாக்குகிற வருத்தம். இளம் பெண்களுக்குத்தான் கூட வரும், சிலருக்குச் சூலகத்தில் உள்ள கட்டியால் வரும். முதலில் நித்திரை போகும், பிறகு சம்பந்தமில்லாத கதை, கத்தல், ஆள் வெறித்துப் பார்த்தபடி விறைத்துப் போவது. பார்க்கிற எவரும் பேய் என்றுதான் சொல்வார்கள். டால்மோ என்ற ஸ்பானிய மருத்துவரும் அவருடைய ஆட்களும் 2007இல்தான் அதை இன்னதென்று சரியாக அடையாளம் கண்டார்கள். நேரத்துக்குப் பிடித்தால் பெரும்பாலானவர்கள் எழும்பி நடப்பார்கள். இரண்டு கிழமை கழிப்பில் போனால் அந்த இரண்டு கிழமை திரும்ப வராது. உங்கள் பிள்ளைக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. பார்த்து, இல்லை என்று தள்ளிவிட்டு வீட்டுக்கு வாருங்கள் என்கிறேன்.

நான் வேலைக்கு வந்த புதிதில் வன்னி முழுக்க மலேரியா. மூளைக்கு ஏறிய மலேரியாவில் பிதற்றுகிற பிள்ளையை ஐயனார் கோவிலில் இரண்டு நாள் கிடத்திவிட்டு, மூன்றாம் நாள் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். சில பிள்ளைகளை இறக்கும்போதே தெரிந்துவிடும். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது. அதற்குப் பிறகு அந்த மாதிரி "பேய்" ஒன்று எங்கள் வாட்டுக்கு வந்ததே இல்லை, யோசித்துப் பாருங்கள்.

பிள்ளைப்பெற்ற வீடுகளிலும் இது நடக்கிறது. ஆயிரம் தாய்மாரில் ஒன்றிரண்டு பேருக்குப் பிள்ளை பெற்று இரண்டு மூன்று கிழமைக்குள் புத்தி பேதலிக்கும். கொத்திப் பேய் பிடித்துவிட்டது என்று வேப்பிலையைச் செருகிவிட்டுத் தாயையும் பிள்ளையையும் ஒரே அறையில் பூட்டி வைத்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து. அது அவசர நோய். மிட்வைஃப் மிஸ்ஸுக்கு உடனே சொல்ல வேண்டும்.

முதிரைக்கொட்டில் எழுதியது:

நான் நெடுங்கேணிப் பக்கத்து ஆள், வயது எழுபதைத் தாண்டிவிட்டது, தட்டச்சுப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். என்னுடைய பெரியப்பு பூசாரி. அவரைப் பற்றிச் சொன்னால் இங்கே சிலருக்குப் பிடிக்காது, சிலருக்கு வேறு காரணத்துக்காகப் பிடிக்காது.

ஆளைக் கொண்டுவந்து திண்ணையில் இருத்தினதும் அவர் முதலில் ஒரு செம்பு தண்ணீர் கொடுப்பார். குடிக்கிறார்களா, கை நடுங்குகிறதா, தண்ணீர் கடைவாயால் வழிகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். அப்புறம் நெற்றியில் புறங்கையை வைப்பார். சூடு இருந்தால் உடுக்கைத் தொடவே மாட்டார். "இது எனக்கு வந்த சரக்கில்லை, டொக்டரிட்டைக் கொண்டு போ" என்று சொல்லிவிட்டு, வண்டில் பிடிக்கத் தானே ஆள் அனுப்புவார். மற்றவர்களுக்குத்தான் மடை வைப்பார்.

நான் பெடியனாக இருந்தபோது ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். கிணற்றடியில் விழுந்து பல் கிட்டியவள். இரவு, தீவட்டி எரிகிறது, பெரியப்பு வேப்பிலைக் கொத்தால் தலையில் இருந்து கால் வரைக்கும் தடவுகிறார், அடிக்கவில்லை. உடுக்கு மெதுவாகத் தொடங்கி ஏறுகிறது. அந்தப் பெண் மயிரை விரித்துப்போட்டு ஆடுகிறாள். "ஆர் நீ?" "நான் காட்டேறி." "உனக்கு என்ன வேணும்? சாராயமோ, சேவலோ?" "எனக்கு ஒண்டும் வேண்டாம். இவன் குடிச்சுப்போட்டு வந்து உலக்கையால அடிக்கிறான், அதை நிப்பாட்டச் சொல்லு." ஊரே இருக்கிறது, புருஷன்காரன் முன்னுக்கு இருக்கிறான். காட்டேறி கேட்டதை யார் மறுப்பது? அவனைக் கூப்பிட்டு வைரவர் சூலத்தில் கை வைத்துச் சத்தியம் செய்ய வைத்தார் பெரியப்பு. நாலைந்து வருடம் அவன் தொடவில்லை. பிறகு தொட்டான், அது வேறு கதை.

அதே பெண் அதே சொல்லைத் தன் குரலில் விதானையிடம் போய்ச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கூலி வெற்றிலையில் வைத்ததும் இரண்டு கொத்து நெல்லும். 65,000 என்று கேட்கிற பூசாரி எந்தப் பரம்பரை என்று எனக்கு விளங்கவில்லை.

பனிக்காலம் எழுதியது:

அருமை ஐயா, கதை நன்றாக இருக்கிறது. டொரன்டோவில் இருந்துகொண்டு சொல்கிறான் என்று நினைத்தாலும் பரவாயில்லை, சொல்கிறேன். நல்ல பூசாரி கதை எல்லோரிடமும் ஒன்று இருக்கிறது, செத்தவர்கள் வந்து கதை சொல்வதில்லை.

2021 பெப்ரவரி கடைசியில் தெல்கொடயில் ஒன்பது வயதுப் பிள்ளை பேயோட்டுகிறோம் என்று பிரம்பால் அடித்ததில் செத்துப்போனது. தாயையும் அடித்த பெண்ணையும் பொலிஸ் கைது செய்தது. கொழும்பில் இருந்து எட்டுகிற தூரத்தில், எல்லோர் கையிலும் போன் இருக்கிற காலத்தில். 2001 ஆகஸ்ட் 6, தமிழ்நாட்டில் ஏர்வாடி. தர்காவுக்குக் குணமாக வருகிறவர்களைத் தனியார் விடுதிகளில் சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். விடியற்காலையில் ஒரு கொட்டகை தீப்பிடித்தது. கட்டுப்பட்டவர்கள் ஓட முடியவில்லை, 28 பேர். அதற்குப் பிறகுதான் உச்ச நீதிமன்றமே தலையிட்டது. 2017இல் வந்த இந்தியச் சட்டம் மனநோயாளியைச் சங்கிலியில் கட்டக் கூடாது என்று எழுத்திலேயே போட்டது.

இதற்குப் பிறகும் "நன்மை, தீமை இரண்டும் உண்டு" என்று தராசு பிடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மடுமண் எழுதியது:

பனிக்காலம், கோபம் நியாயம். நான் மன்னார், கத்தோலிக்கன். எங்கள் பக்கத்தில் இது எப்படி என்று சொல்கிறேன். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், 1172ஆம் விதி, ஆயரின் தனி அனுமதி இல்லாமல் எந்தக் குருவும் ஒருவருக்குப் பேயோட்டக் கூடாது என்கிறது. அனுமதியும் அறிவும் நிதானமும் உள்ளவருக்கு மட்டும். 1614இல் வந்த பழைய சடங்கு முறையை 1999இல் திருத்தினார்கள். முதலில் வைத்தியரிடம் கேள், நோயை ஆவி என்று அவசரப்பட்டு நம்பாதே என்று அதில் கண்டிப்பாக இருக்கிறது.

அவ்வளவு கண்டிப்பு ஏன் வேண்டும்? ஜேர்மனியில் அன்னலீஸ மிஷேல் என்ற 23 வயது மாணவி, வலிப்பு நோய்க்கு மருந்து எடுத்தவள். ஆயர் அனுமதியோடு பத்து மாதத்தில் 67 தடவை அவளுக்குச் சடங்கு செய்தார்கள். சாப்பாட்டை விட்டாள், வைத்தியரிடம் போவதும் நின்றது, 1976 ஜூலை 1ஆம் திகதி செத்தபோது எடை 31 கிலோ கூட இல்லை. 1978இல் பெற்றோருக்கும் இரண்டு குருமாருக்கும் தீர்ப்பானது. அங்கே கெட்ட மனிதர் ஒருவரும் இல்லை என்பதுதான் எனக்குப் பயம். எல்லோரும் அவளில் அன்பு வைத்தவர்கள், எல்லோரும் செபித்தவர்கள்.

மடு மாதா கோவில் மண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாம்பு கடித்தால் மடு மண் பூசுகிற வழக்கம் எங்களுக்கு உண்டு, சைவ வீடுகளிலும் ஒரு பொட்டலம் இருக்கும். என் அம்மா பூசுவா. பூசிக்கொண்டே ஓட்டோவுக்குப் போன் அடிப்பா.

கூரைத்தகரம் எழுதியது:

நான் சபைக்குப் போகிறவன், ஆகவே எனக்கு அடி விழும் என்று தெரிந்தே எழுதுகிறேன். யுத்தம் முடிந்து தறப்பாளுக்குள் இருந்தபோது எங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுத் தலையில் கை வைத்துச் செபித்தவர்கள் சபைக்காரர்தான். அப்பா குடியை விட்டது அங்கே. விடுதலை ஆராதனையில் விழுந்து புரண்டு அழுது எழும்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், முகமே வேறாக இருக்கும். அதைப் பொய் என்று எவர் சொன்னாலும் ஏற்க மாட்டேன்.

ஆனால் இரண்டு விஷயம் எனக்கே பிடிப்பதில்லை. "விசுவாசம் இருந்தால் குளிசை எதுக்கு" என்று ஒரு சபையில் சொன்னதை என் காதால் கேட்டேன், அதைக் கேட்டு வலிப்புக் குளிசையை நிறுத்திய தம்பி ஒருவன் அடுப்படியில் விழுந்து கை வெந்தான். மற்றது வீடியோ. பிள்ளை தரையில் உருளுகிறது, ஒருவர் மைக்கைப் பிடித்து "வெளியே போ" என்று கத்துகிறார், இன்னொருவர் போனில் எடுத்து நேரலையில் விடுகிறார். குணமான பிறகும் அந்தப் பிள்ளை அந்த வீடியோவில் உருண்டுகொண்டேதான் இருக்கும். குளக்கட்டான், எந்தப் பக்கம் போனாலும் போனை வெளியே வைக்கச் சொல்லுங்கள்.

பனிக்காலம் எழுதியது:

இதை எழுதியதற்கு உங்களுக்கு நன்றி சகோதரம். தசமபாகத்தைப் பற்றியும் எழுதியிருக்கலாம்.

இழைக்காவல் எழுதியது:

மதச் சண்டை வேண்டாம். இடையில் வந்த மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். யார் என்று அவர்களுக்குத் தெரியும்.

பேர் வேண்டாம் எழுதியது:

இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருந்தேன், எழுதுவதா விடுவதா என்று. பேய் பிடித்தது எனக்கு. மெனிக் பாம் அகதி முகாமில் இருந்து ஊருக்கு விட்டு அடுத்த வருடம், 17 வயது. வெற்றுக் காணியில் தறப்பாள் கொட்டில், பக்கத்தில் இடிந்த வீடு. ஒரு பின்னேரம் விறகு பொறுக்கப் போன இடத்தில் விழுந்தேன். அதற்குப் பிறகு என் வாயில் யாரோ கதைத்தார்கள்.

மூன்று இரவு செய்தார்கள். காய்ந்த மிளகாயை நெருப்பில் போட்டு முகத்தைப் பிடித்து அமர்த்தினார்கள். பிரம்பால் அடித்ததில் இடது மணிக்கட்டில் இப்போதும் கோடு இருக்கிறது, மணிக்கூடு கட்டி மறைப்பேன். தலைமயிரில் ஒரு கொத்தை வெட்டி மரத்தில் வைத்து ஆணி அடித்தார்கள். பூசாரி என் மயிரைப் பிடித்த பிடியில் எனக்கு வேறு ஒன்று ஞாபகம் வந்தது, அதை இங்கே எழுத மாட்டேன். பெண் பிள்ளையை ஆம்பிளைகள் நடுவில் ஈரத் துணியோடு இருத்துகிற எவரும் அதைப் பற்றி ஒரு கணம் யோசிக்க வேண்டும்.

இதையும் சொல்லாமல் விட்டால் பொய் சொன்ன மாதிரி ஆகும். அந்த மூன்று இரவும் ஒருவரும் என்னைத் தனியே விடவில்லை. குஞ்சம்மா விடியும் வரை என் காலைப் பிடித்துக்கொண்டு இருந்தா. பங்கருக்குள் நான் பார்த்ததை அதுவரை எவரும் கேட்டதில்லை, எல்லோரும் அதே மாதிரி ஒன்றைப் பார்த்தவர்கள், யார் யாரைக் கேட்பது. முனி சொல்கிறது என்றதும் கேட்டார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா அழுதா. நான் நடித்தேனா? எனக்கு இன்றைக்கும் தெரியாது. நடித்த மாதிரியும் இருந்தது, என்னால் நிறுத்தவும் முடியவில்லை.

ஆறு மாதத்தில் திரும்ப வந்தது. அப்போது கிளினிக்குக்குப் போனோம். இரண்டு வருடம் குளிசை, மாதம் ஒரு முறை ஒரு மிஸ் இருந்து கதைப்பா. இப்போது சுகம், இரண்டு பிள்ளைகள். ஆனால் மூன்று சம்பந்தம் குழம்பியது "அது பேய் பிடிச்ச பெட்டை" என்பதால்தான், குளிசை குடித்ததால் இல்லை.

வெள்ளைத்தொப்பி எழுதியது:

தங்கச்சி, எழுதினதுக்கு நன்றி. வேறு ஒன்றும் சொல்ல வரவில்லை.

ஏட்டுச்சுரைக்காய் எழுதியது:

தங்கச்சி எழுதிய "நடித்தேனா தெரியாது" என்ற வரிக்கு மருத்துவத்திலும் இடம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் ஆவேசம் ஒரு கோளாறாகவே இருக்கிறது, ஆனால் விருப்பமில்லாமல் வந்து வாழ்க்கையைக் குழப்பினால் மட்டும். வற்றாப்பளை அம்மன் பொங்கலில் கலை வந்து ஆடிவிட்டு, விபூதி பூசி, பஸ் ஏறி வீட்டுக்குப் போய்ச் சமைக்கிற மனிசி நோயாளி இல்லை. அந்தக் கோடு கிழிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் நீண்ட காலம் மனநல மருத்துவராக இருந்த தயா சோமசுந்தரம், யுத்தம் உடைத்த சமூகத்தில் சடங்குகளுக்கு ஒரு வேலை இருக்கிறது என்று எழுதியவர். பற்றீசியா லோறன்ஸ் என்ற மானிடவியலாளர் 1990களில் மட்டக்களப்பு அம்மன் கோவில்களில் தெய்வமாடுகிறவர்களைப் பார்த்து எழுதினார். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் வெளியில் வாய் திறக்க முடியாத காலம், கோவிலில் அம்மன் வாயால் அந்தச் சொல் வந்தது என்கிறார். முதிரைக்கொட்டில் ஐயாவின் காட்டேறியும் அதே வேலையைத்தானே செய்தது.

மாங்குளத்தாள் எழுதியது:

வாக்குச் சொல்வதைப் பற்றி நல்லதாகவே எழுதிவிட்டீர்கள். என் மாமிக்கு வாக்குச் சொன்னவர்களைக் கேளுங்கள். மச்சான் காணாமல் போனவர். ஒருவர் "உயிரோட இருக்கிறான், தெற்கில இருட்டறையில இருக்கிறான்" என்றார். இன்னொருவர் மேற்குத் திசை என்றார். ஒவ்வொரு திசைக்கும் ஒவ்வொரு பரிகாரம், தோடு போனது, பிறகு மாடு போனது. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் கந்தசாமி கோவிலடியில் காணாமல் போனவர்களின் தாய்மார் போராட்டத்தில் குந்தியபோது மாமியும் போய் இருந்தா. அங்கே எவரும் அவவுக்கு மகன் எங்கே என்று சொல்லவில்லை, ஆனால் அன்றைக்குப் பிறகு வாக்குக் கேட்கப் போகவில்லை. கேட்க வேண்டியவனைக் கேட்கிறேன், வேறு ஆரைக் கேட்க, என்றா.

குளக்கட்டான், உங்கள் அப்பாச்சிக்குத் தேவையான கழிப்பு ஒன்று, பிள்ளைக்குத் தேவையானது வேறொன்று என்று எனக்குப் படுகிறது. இரண்டையும் ஒரு பிள்ளையின் தலையில் வைக்காதீர்கள்.

குளக்கட்டான் எழுதியது:

தாமதத்துக்கு மன்னியுங்கள், 12 நாளாகப் போன் பக்கம் வரவில்லை.

முதிரைக்கொட்டில் ஐயா சொன்ன மாதிரி தண்ணீர் கொடுத்துப் பார்த்தேன், குடித்தாள், கை நடுங்கவில்லை. என்றாலும் வெள்ளைத்தொப்பி அக்காவின் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஐந்து நாள் வாட்டில் வைத்திருந்தார்கள். இரத்தம் பார்த்தார்கள், தலையில் வயர் ஒட்டி மூளையின் மின்னோட்டம் பார்த்தார்கள், வலிப்பு இல்லை, காய்ச்சல் இல்லை. பிறகு மனநலப் பிரிவுக்கு அனுப்பினார்கள். ஒரு சதமும் செலவில்லை, ஓட்டோக் காசைத் தவிர. பூசாரி கட்டிய கறுப்பு நூல் கையில் கிடந்தது, ஏசப்போகிறார் என்று நான் மறைக்கப் பார்த்தேன். டொக்டர் பார்த்துவிட்டு "ஆர் கட்டினது?" என்றார். அப்பாச்சி என்றேன். "இருக்கட்டும், குளிசையை மட்டும் நேரத்துக்குக் குடுங்கோ" என்றார். வெளியில் நின்ற அப்பாச்சிக்கு அதைச் சொன்னதும் மனிசியின் முகம் இளகிவிட்டது. குளிசை கொடுக்கிறது இப்போது அவதான்.

பிள்ளையோடு தனியே இருந்து கதைத்தார்கள். வேலையிடத்தில் ஒரு பிரச்சினை இருந்திருக்கிறது, அவ்வளவுதான் எங்களுக்குச் சொன்னார்கள், மிச்சத்தை அவள் விரும்பினால் சொல்வாள். குரல் இரண்டு தரம் வந்தது, நேரம் குறைவு. இரவில் நித்திரை கொள்கிறாள்.

மாங்குளத்தாள் அக்கா, நீங்கள் எழுதியதை அப்பாச்சிக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் சின்னண்ணைக்குப் பிதிர்க்கடன் செய்யப் போக வான் என்ன கேட்பான் என்று விசாரிக்கச் சொன்னா. 16 வருடமாக அந்தப் பேச்சை எடுக்க விடாதவ. போவாவோ தெரியாது, அண்ணைக்கும் மனம் ஒப்பவில்லை, செய்தால் செத்துவிட்டான் என்று நாங்களே சொன்ன மாதிரி ஆகிவிடுமே என்கிறார். பார்ப்போம்.

அண்ணியின் ஆட்கள் வந்து செபித்தார்கள், அரை மணித்தியாலம், போனை வாசலில் வாங்கி வைத்தேன். பூசாரிக்கு முற்பணமாகக் கொடுத்த 10,000 திரும்ப வரவில்லை.

சேவல் இன்னும் முற்றத்தில் நிற்கிறது. விடியப்புறம் மூன்று மணிக்கே கூவத் தொடங்குகிறது, நித்திரை கொள்கிற பிள்ளை எழும்பிவிடுகிறாள். ஒட்டுசுட்டான், முத்தையன்கட்டுப் பக்கம் யாருக்காவது வேண்டுமானால் வந்து எடுத்துக்கொண்டு போங்கள், காசு வேண்டாம்.

வெள்ளைத்தொப்பி எழுதியது:

சந்தோசம் தம்பி. சுகமாகிவிட்டாள் என்று குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம், எங்கள் ஆட்கள் பிழை விடுகிற இடம் அது. இரவில் ஏதும் என்றால் 1926க்கு அடியுங்கள், தமிழில் கதைப்பார்கள். இதை வாசிக்கிற மற்றவர்களுக்கும்: சின்னப் பிள்ளையை யாராவது அடித்துப் பேயோட்டுவது தெரிந்தால் 1929.

கண்டாவளைக் காற்று எழுதியது:

சேவல் எத்தனை கிலோ வரும்?